எங்கள் வீட்டுக்கு டக்ட் வந்த கதை

1

எங்கள் வீட்டில் மீன் பொரிந்துவிட்டது என்று அறிவிப்பது நானல்ல. அடுக்களைக்கு வெளியே சீலிங்கில் ஒட்டியிருக்கும் புகை மணி. சட்டியில் போட்ட சாளை ஒரு பக்கம் சிவப்பதற்குள் அது அலறத் தொடங்கிவிடும். என் வீட்டுக்காரர் செல்வராஜ் ஸ்டூலில் ஏறி நின்று துவர்த்துத் துண்டால் அதற்கு விசிறுவார். சாமிக்குக்கூட அவர் அப்படி ஒரு பணிவிடை செய்து நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, மழையைக் காயப்போடுவதற்கென்றே கட்டியது போன்ற ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். நான் நர்ஸ். மகள் பெனிட்டா கைக்குழந்தையாக இருந்தபோது அவளைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தவள் நான்தான். அவர் அப்போது சவூதியில், தம்மாமில், ஏசி டக்ட், அதாவது காற்று போகிற குழாய், போடும் கம்பெனியில் ஃபோர்மேன். இங்கே வரும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. தம்மாமுக்குப் போகும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. லீவு லீவாக, தவணை முறையில் நடந்த கல்யாணம் எங்களுடையது. கடைசியில், இரண்டு வருடத்துக்கு முன், அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அங்கே அவரை யாரும் ஃபோர்மேன் என்று கூப்பிடுவதில்லை. 'செல்' என்கிறார்கள். போன் பெயர் மாதிரி இருக்கிறது என்று அவருக்கு வருத்தம்.

அவர் வந்து இரண்டு வருடம் நிறைந்த நாளைக் கொண்டாடத்தான் ஒரு நாள் சாளை வாங்கினேன். போர்ச்சுகல் சாளை, ஐஸ்கட்டியாக வருவது. மணி அலறியது, இவர் ஸ்டூலில் ஏறினார், மாடியிலிருந்து பெனிட்டா எட்டிப் பார்த்து, "அம்மா, உங்க ஹஸ்பண்ட் விழப்போறார்" என்றாள். பதினாறு வயதாகிறது அவளுக்கு. என்னிடம் பேசும்போது அவரை அப்படித்தான் சொல்வாள். கேலியா என்றால் முழுதும் கேலியும் அல்ல. லீவுக்கு வந்து பொம்மை கொடுத்துவிட்டுப் போகும் ஒரு நல்ல மனிதரை அவளுக்குத் தெரியும். குளியலறைக்கு வெளியே வரிசையில் நிற்கும் இந்த ஆளை அவளுக்கு இன்னும் சரியாகப் பழக்கமில்லை.

அன்று சாப்பிடும்போதே போன் வந்தது. தம்மாமிலிருந்து ஸ்டீபன், இவரோடு ஒரே அறையில் பல வருடம் கிடந்தவர், எங்கள் மணவாளக்குறிச்சிக்காரர்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்களாம். டக்ட் வேலை முழுவதையும் பார்க்கப் பழைய ஆள் வேண்டுமாம். ஃபோர்மேன்கூட இல்லை, சூப்பர்வைசர். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முதுகு தானாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"யோசிச்சு சொல்லுகேன் மக்கா" என்று போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எது சரியோ அதச் செய்யுங்க" என்றேன்.

அவர் போகக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், அதை அங்கேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆண்களை வெளிநாட்டுக்கு வழியனுப்பியே பழகிய வீட்டில் வளர்ந்திருந்தால் கேட்கமாட்டீர்கள். போகாதீங்க என்பது எங்கள் வாயில் வராத வார்த்தை.

2

அடுக்களைப் புகை ஏன் வெளியே போவதில்லை என்று கண்டுபிடித்தது அவர்தான். மறுநாள் காலையில் அடுப்புக்கு மேலே இருந்த, புகை இழுக்கும் ஹூடைக் கழற்றி, மேசையில் கவிழ்த்துப் போட்டு, பிரேதப் பரிசோதனை நடத்தினார். அதற்குள்ளே விசிறி இருந்தது, கரி அடைத்த ஒரு சல்லடை இருந்தது, வெளியே போக வழி மட்டும் இல்லை. புகையை வாயால் இழுத்து, கரியில் ஒரு தடவை காட்டி, நெற்றி வழியாக அதே அடுக்களைக்குள் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த பத்து வருடமாக நான் அதன் பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாகச் சமைத்திருக்கிறேன். சத்தம் வருகிறது என்றால் வேலை நடக்கிறது என்று நம்புகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் எங்கள் மேனேஜரையும் அப்படித்தான் நம்பினேன்.

அதனால்தான் சீலிங் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. சம்பா அரிசியை வடிக்கிற ஆவி, மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற ஆவி, புளிமுளம் மீன்குழம்பு கொதிக்கிற ஆவி எல்லாம் அங்கே போய்க் குடியிருந்தன. அடுக்களைக்கு நேர் மேலேதான் பெனிட்டாவின் அறை. அவள் குளிர்காலம் முழுதும் இருமிக்கொண்டே இருந்ததற்கு நான் அவளுடைய கோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நுரையீரல் வார்டில் வேலை பார்க்கிறவள் என்று இதை வெளியே சொல்லவும் கூச்சம்.

கவிழ்ந்து கிடந்த ஹூடைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. ஊரில் உள்ள எங்கள் வீட்டு நினைவுதான்.

மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் இரண்டு அடுக்களை உண்டு. நம் பக்கத்தில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய எந்த வீட்டிலும் உண்டு. முன்னால் இருப்பது வந்தவர்களுக்குக் காட்ட; பின்னால் ஒர்க் ஏரியா என்ற பெயரில் இருப்பது பொங்கித் தின்ன. முன் அடுக்களையில் கருங்கல் மேடை, இழுப்பறைகள், மின்சாரச் சிம்னி எல்லாம் உண்டு. சிம்னியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. வீடு கட்டியபோது நான் இங்கே, அவர் தம்மாமில். மேஸ்திரி போனை அங்கும் இங்கும் திருப்பிக் காட்டுவார், நாங்கள் இரண்டு நாட்டில் இருந்து தலையாட்டுவோம்.

பால் காய்ச்சி சில வருடம் கழிந்து ஒரு லீவில்தான் இவர் சிம்னிக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பரணில் தலையை விட்டார். சிம்னியின் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகவில்லை. பரணில் அடுக்கி வைத்திருந்த எங்கள் கல்யாணத்துச் சீதன எவர்சில்வர் குடங்களைப் பார்த்தபடி முடிந்து நின்றது. யாரும் அங்கே சமைக்காததால் யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியைப் பிடிக்கலாம் என்றால் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அந்த ஆள் பத்து நாளும் கோயிலில். இவருக்கு மறுநாள் விமானம். யார் யாருடைய மாலுக்கும் ஓட்டலுக்கும் காற்று கொண்டுபோய்க் கொடுத்தவருக்குச் சொந்த வீட்டுக் குழாயை நேராக்க ஒரு நாள் கிடைக்கவில்லை. அந்தக் கதையை நாங்கள் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்றைக்கு மேசையைச் சுற்றி நின்று சிரிக்கும்போது எனக்குப் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத நான் செய்யுகேன்" என்றார் அவர்.

3

அடுப்பு இருப்பது பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில். அந்தச் சுவரைத் துளைத்தால் புகை பக்கத்து வீட்டுக்காரரின் டிவிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்க்கும். ஆகவே ஹூடிலிருந்து மேலே ஏறி, சுவர் அலமாரிகளின் தலைமேல் படுத்து, வெளிச்சுவர் வரை போக வேண்டும். அலமாரிக்கும் சீலிங்குக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

இவர் வாழ்நாளில் போட்டதெல்லாம் தகர டக்ட். ஒவ்வொன்றும் எருமை உள்ளே படுக்கும் அளவுக்கு இருக்கும். இங்கே வீடுகளுக்குத் தட்டையான பிளாஸ்டிக் டக்ட் என்று ஒன்று கிடைக்கிறது என்று பெனிட்டா போனில் காட்டியபோது அவருடைய முகம் சுருங்கியது.

"இது டக்டு இல்ல மக்ளே. டிபன் பாக்ஸு" என்றார்.

தகரத்தில் செய்து வாங்கினால் என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு, டிபன் பாக்ஸையே கொஞ்சம் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தார். அவர் பார்க்க ஆரம்பித்தால் முழுதாகத்தான் பார்ப்பார். அதில் சின்னது, நடு, பெரிசு என்று மூன்று அளவு. சின்னது குளியலறை விசிறிக்குப் போதும், சாளைக்குப் போதாது. பெரியது ஒன்பது சென்டிமீட்டர் உயரம், இருபத்திரண்டு அகலம். ஆறு அங்குல வட்டக் குழாய் எவ்வளவு காற்றை விடுமோ ஏறக்குறைய அவ்வளவு விடும், ஆனால் அலமாரி மேல் சமர்த்தாகப் படுத்துக்கொள்ளும். விலை குறைவாக, அக்கார்டியன் மாதிரி மடிந்து நீளும் குழாய் ஒன்று இருந்தது. அதை நான்தான் கேட்டேன். உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும், காற்று தடுக்கித் தடுக்கிப் போகும், சத்தம் போடும் என்று அவர் எனக்கு வகுப்பெடுத்தார். வளைவு வைக்கக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் கட்டளை. ஒவ்வொரு வளைவும் காற்றுக்கு ஒரு செக்போஸ்ட் என்றார். ஹூடிலிருந்து மேலே ஏறித் திரும்பும் ஒரு வளைவு தவிர்க்க முடியாதது. அதற்குமேல் ஒன்றுகூட ஆகாது. இரண்டு வருடத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அதுவே பெரிய காரியம்.

வெளிச்சுவரில் துளை போட அனுமதி வேண்டுமா என்று கவுன்சிலுக்குப் போன் செய்தேன். திட்டப் பிரிவு கட்டிடப் பிரிவிடம் கேட்கச் சொன்னது, கட்டிடப் பிரிவு சுற்றுச்சூழல் பிரிவிடம் அனுப்பியது. நடுநடுவே காத்திருக்கச் சொல்லி வயலின். கடைசியில் ஒரு பெண், 'இதற்கு அனுமதி தேவையில்லை, ஆனால் தேவையில்லை என்று எழுத்தில் தர எங்களுக்கு அனுமதியில்லை' என்ற பொருளில் மிகவும் அன்பாகச் சொன்னாள். நம் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் இதே பதிலுக்கு ஒரு நாள் முழுதும் நின்றிருக்க வேண்டும். இங்கே உட்கார்ந்தபடியே கிடைத்தது. முன்னேறிய நாடு என்பது இதுதான்.

வாங்கப் போன கடையில் அடுத்த கூத்து. இவர் கவுண்டரில் நின்று "டக்ட்" என்று கேட்டார். அந்தப் பையன் ஒட்டுகிற டேப் உருளை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அதில் தாரா, அதாவது வாத்துப் படம்; டக்ட் அவன் காதில் டக் டேப் என்று விழுந்திருக்கிறது. இவர் இன்னும் அழுத்திக் கேட்டார், அவன் இன்னும் பெரிய உருளையைக் கொண்டுவந்தான். பெனிட்டா கடைக்குள்ளே வேறு யாருடைய மகள் மாதிரியோ பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்றாவது உருளை வரும்போதுதான் மனம் இரங்கி வந்து, அவர் கேட்பதை அவனுக்குச் சொன்னாள்.

அன்று நாகர்கோவிலிலிருந்து என் அக்கா லில்லி கூப்பிட்டாள். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, பிளாட் டக்ட் வாங்கியிருக்கிறோம், அவரே மாட்டப் போகிறார் என்று சொல்லிவிட்டு, டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அத்தான் இவரைக் கூப்பிட்டு, பிளாட்டில் தாரா வளர்க்க அந்த ஊரில் விடுவார்களா, தீனிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் அக்கா அதைச் சொல்லி, செல்வராஜுக்கு அங்கே வேலை போய்விட்டது, அதனால்தான் தாரா வளர்க்கிறார்கள் என்று ஆகி, எங்களுக்காக ஜெபமும் பண்ணிவிட்டார்கள். அந்த ஜெபம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று தெரியவில்லை.

4

வேலைக்கு அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். சுவர் துளைக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தார். தம்மாமில் போட்ட பழைய நீலச் சட்டை எங்கிருந்தோ வெளியே வந்தது. கம்பெனி பெயர் துவைத்துத் துவைத்து அழிந்திருந்தது.

எந்தச் சுவரைத் துளைப்பது என்பதில் மட்டும் பேச்சு வந்தது. தோட்டத்துப் பக்கச் சுவர் கிட்ட இருந்தது, ஆனால் அதற்கு ஒரு வளைவு கூடுதல் வேண்டும். கிழக்குச் சுவர் தூரம், ஆனால் நேராகப் போகலாம். அதோடு அவருக்குக் காற்றுக் கணக்கும் இருந்தது. நம் பக்கத்தில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அடுக்களைப் புகைக்குக் கிழக்கே வழி வைத்தால் திரும்பி உள்ளே வராது, கிழக்கே இருக்கும் தென்னையும் வாழையும் ஒன்றும் சொல்லாது. இங்கேயும் காற்று மேற்கிலிருந்துதான் என்று பெனிட்டாவின் போனில் சரிபார்த்துக்கொண்டார். கிழக்கே தென்னை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. சமைக்கிறவள் சட்டியைப் பார்ப்பாளா, திசையைப் பார்ப்பாளா?

வேலை செய்யும்போது அவரைப் பார்க்க வேண்டும். சுவரில் வட்டம் வரைந்து, துளை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்து போகும்படி மெஷினைப் பிடித்தார். உள்ளே தங்கும் ஆவி தண்ணீராகி வெளியே வடிய வேண்டும், இல்லையென்றால் குழம்பில் சொட்டும் என்றார். டக்டை அளந்து ரம்பத்தால் அறுத்து, வெட்டிய விளிம்பை உரசி, ஒன்றோடு ஒன்று செருகி, மூட்டில் சிலிக்கான் பூசி, அதற்குமேல் அந்தத் தாரா டேப்பையே சுற்றினார். வாங்கியது வீண் போகவில்லை. வெளிப்பக்கம் காற்று தள்ளினால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் இமை வைத்த ஒரு மூடி. வாய்க்குள் ஏதோ பாட்டு முனகிக்கொண்டே இருந்தார். பெனிட்டா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு, அவர் பிடிக்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒரு முனையைப் பிடித்தாள்.

அடுத்த நாள் சாளை பொரித்தேன். ஒரு பக்கம் சிவந்தது, மறு பக்கமும் சிவந்தது. மணி வாயைத் திறக்கவில்லை. புகை ஹூடுக்குள் ஒழுங்காக ஏறிப் போனது. மூன்று பேரும் கையில் தட்டோடு சீலிங்கைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

அன்றைக்கும் ஸ்டீபனின் குரல் செய்தி வந்தது. விசா ஆபீஸில் கேட்கிறார்கள், பாஸ்போர்ட் நகலை அனுப்பு என்று. இவர் கேட்டுவிட்டுப் பதில் அனுப்பவில்லை. ஆனால் போனில் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து வைத்திருந்ததை நான் பார்த்தேன்.

5

கிழக்கே மார்கரெட் இருக்கிறார். எழுபது கடந்த பெண்மணி, தனியாக இருப்பவர். எங்கள் சுவருக்கும் அவருடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு சிறு சந்து, அதைத் தாண்டினால் அவர் துணி காயப்போடும் கயிறு. இந்த ஊரில் வெயில் வரும் நாளை எல்லோரும் கல்யாண நாள் மாதிரி விட்டுவிடாமல் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு வெயில் நாளில் அவர் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எல்லாம் கயிற்றில் போட்டிருந்தார். அதே நாளில்தான் நான் டூட்டிக்குப் போகும் முன் நெத்திலிக் கருவாடு வறுத்தேன்.

நான் டூட்டி முடித்து வந்தபோது இவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மார்கரெட் தானாகப் பேசினாராம். உங்கள் புது விசிறி கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கிறதே என்று பாராட்டினாராம். இவரும் மரியாதையாக, ஆமாம் மேடம், வெரி ஸ்ட்ராங், மணிக்கு அறுநூறு கன மீட்டர் என்று சொல்லியிருக்கிறார். அவர் மறுபடியும், இல்லை, உண்மையிலேயே ரொம்ப ஸ்ட்ராங் என்றாராம். இரண்டு தடவை பாராட்டியதும் இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"என் ரூமுக்கு வாங்க மேடம், எல்லாத்தையும் காட்டுகேன்னு சொன்னேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டா. காதுல விழல்லபோல" என்றார்.

நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பதினைந்து வருடமாக இவர்களோடு குப்பை கொட்டுகிறேன். இந்த நாட்டில் 'கொஞ்சம் ஸ்ட்ராங்' என்றால் என் வீடு நாறுகிறது என்று அர்த்தம். 'ரொம்ப ஸ்ட்ராங்' என்றால் போலீசைக் கூப்பிடட்டுமா என்று அர்த்தம். அதற்குப் பதிலாக ஒரு ஆம்பிளை, பக்கத்து வீட்டுக் கிழவியை, மனைவி இல்லாத நேரத்தில், என் ரூமுக்கு வாருங்கள், எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகத்தில் இரத்தம் ஏறியது. பெனிட்டா சிரிக்க ஆரம்பித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே எழுந்து மார்கரெட் வீட்டுக்குப் போய், என் அப்பா ரூம் என்று சொன்னது வீட்டைத்தான், அவர் காட்ட நினைத்தது விசிறியைத்தான், விரிப்புகளை நாங்கள் துவைத்துத் தருகிறோம் என்று பேசிவிட்டு வந்தாள். மார்கரெட்டும் சிரித்தாராம். விரிப்புகளை மட்டும் கொடுத்துவிட்டாராம்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நேராக அவரிடமே கேட்டாள். ஏன் எப்போதும் ரூம் என்றே சொல்கிறீர்கள் என்று.

அது எனக்குப் பழகிப்போன வார்த்தை. வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். தங்குகிற இடம் ரூம், வீடு என்றால் ஊர். வேலை முடிந்து ரூமுக்குப் போவார்கள், ரூமில் பொங்குவார்கள், லீவு வந்தால் வீட்டுக்குப் போவார்கள். இங்கே வந்த பிறகும் இவர், ரூம் சாவியை எடுத்தியா, ரூமுக்குப் பால் வாங்கணுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். படுக்கையறை மூன்று, தோட்டம், மாடிப்படி எல்லாம் இருந்தும் அது ரூம்தான். அவர் அதை அவளுக்கு விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கியது.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, பெரிய தகராறாக இல்லாமல், கணக்குச் சந்தேகம் கேட்பது போலத் தமிழிலேயே கேட்டாள்.

"அப்போ நான் உங்களுக்க ரூம்லதான் இருக்கேனா, வீட்டுல இல்லியா?"

எங்கள் வீட்டுத் தமிழ் அவள் வாயில் அவ்வளவு சுத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. அவர் தண்ணீரைக் குடித்தார், மறுபடியும் குடித்தார். ஸ்டீபனுக்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி இருந்தது. அது மேசையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

6

சனிக்கிழமை அவர் எல்லாவற்றையும் கழற்றினார். யாரும் கேட்கவில்லை. கிழக்குச் சுவர்த் துளைக்குச் செங்கல் வைத்துப் பூசினார். பூச்சு கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிகிறது. மார்கரெட் அதை ரொம்ப அழகாக இருக்கிறது என்றார், அதன் அர்த்தம் இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துப் பக்கம் புதிதாகத் துளைத்தார். இரண்டாவது வளைவே ஆகாது என்று சத்தியம் செய்த மனிதர் அதற்கும் ஒத்துக்கொண்டார்.

தட்டை டக்டில் வளைவு இரண்டு வகை. படுத்தபடி இடமோ வலமோ திரும்புவது ஒன்று, எழும்பி மேலே திரும்புவது இன்னொன்று. தகரத்தில் வேண்டியபடி மடக்கிக்கொள்ளலாம் என்பதால் இவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அவசரத்தில் எழும்பித் திரும்புவதை வரவழைத்துவிட்டார். அதை வைத்துப் பார்த்தால் குழாய் நேராகப் பெனிட்டாவின் அறைக்குள் போகும். மீனைத் தட்டில் அனுப்பினால் போதும், வாசனையைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று அவள் சொன்னாள். சரியான வளைவை அவளே பார்த்து வரவழைத்தாள். அது வரும்வரை அடுக்களையில் ஒரு பக்கம் டக்ட், ஒரு பக்கம் ஓட்டை. ஓட்டையில் ஒரு பழைய தலையணையைத் திணித்து வைத்திருந்தோம்.

வளைவு வந்தது புதன்கிழமை. அதை மாட்டி, மூட்டை ஒட்டி, காயவிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். பெனிட்டா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எனக்கு அன்று டூட்டி இல்லை. மாசக் கடைசி அன்றுதான். ஸ்டீபன் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்.

நான் சட்டியை வைத்தேன். இவர் துளையின் ஓரம் பூசிய சிமென்டுக் கையோடு பக்கத்தில் நின்று ஹூடைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், மார்புச் சளி பார்க்கும் டாக்டர் மாதிரி. ஒரு வளைவு கூடினதால் சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது, ஆனால் இழுவை குறையவில்லை என்றார். அங்கே ஆஸ்பத்திரி என்றால் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டருக்கும் தனியாக இழுவைக் கணக்குப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் மீனைத் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அதைச் செய்துகொண்டே யோசித்தேன். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இவரை எத்தனையோ தடவை வழியனுப்பியிருக்கிறேன். பெட்டி எடை கூடிவிட்டதே, ஊறுகாய் அச்சாறு பாட்டில் உடையாமல் இருக்குமா, போய் இறங்கியதும் மிஸ்டுகால் கொடுங்க, இதெல்லாம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற எந்தப் பெண்ணும் இதற்குமேல் சொல்லமாட்டாள். சொன்னால் அந்த மனிதன் பாவம், போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. அதனால் எல்லாரும் அச்சாறைப் பற்றிப் பேசுவோம். எனக்கு அந்தப் பேச்சு போதும் என்று இருந்தது. அவர் இருந்தால் சண்டை வரும், குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், பக்கத்து வீட்டில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு அதெல்லாம் வேண்டும்.

"போவாண்டாம்" என்றேன்.

சட்டியைப் பார்த்தபடிதான் சொன்னேன். ஹூட் சத்தத்தில் கேட்டதோ என்னவோ என்று நினைத்து, இன்னொரு தடவை சொன்னேன். "நீங்க போவாண்டாம். எனக்கும் பிள்ளைக்கும் நீங்க இஞ்ச வேணும்."

அவர் கையிலிருந்த சிமென்டை வேட்டியில் துடைத்தார்.

"இத ஒரு வாரம் முன்னால சொல்லப்பிடாதா? பாத்ரூமுக்கும் சேத்து டக்டு வாங்கியிருப்பேன்லா. டெலிவரி காசு ஒண்ணோட போயிருக்கும்."

சொல்லிவிட்டு அளவு எடுக்க மாடிக்குப் போய்விட்டார். மேலே அவர் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் பழியைப் புகைமேல் போட்டுவிடுவேன். அந்த மனுஷன் அதற்கும் வழியில்லாமல் செய்து வைத்திருக்கிறார்.